பாங்காக் ஊஞ்சலும் பாவைப் பாட்டும்

பாங்காக் மாநகரைக் காணச் செல்வோர் அரண்மனையையும் மரகதப் புத்தர் கோயிலையும் பார்த்தபின், வாட் சுதத் விகாரையின் முன்னே வானளாவி நிற்கும் செந்நிறத் தூண்களையும் கண்டு, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். முதலாம் இராமா மன்னர் 1784-இல் நிறுவிய பேரூஞ்சலுக்கு மாற்றாக நிற்பவை அவை. இன்றுள்ள தேக்குத் தூண்கள் 2007-இல் அர்ப்பணிக்கப்பெற்றவை.

ஆண்டுதோறும் சிவபெருமான் பத்து நாள் மண்ணுலகில் தங்குவார் என்பது தாய்லாந்து அந்தணர் நம்பிக்கை. அவரை வரவேற்கும் விழாவில் ஊஞ்சலில் விண்ணை எட்டப் பறந்து, கம்பத்தில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வுவர். வீழ்ந்து மாண்டோரும் உண்டு. 1935-க்குப் பின் ஊஞ்சலாட்டம் நடைபெறவில்லை.

விழாவோ நிற்கவில்லை. அருகிலுள்ள தேவஸ்தானத்தில் இன்றும் நடைபெறும் அதன் பெயர் திரியம்பாவாய். திருமாலுக்குரிய பகுதி திரிபாவாய். தமிழாசிரியருக்கு இப்பெயர்களை விளக்கவும் வேண்டுமோ? மாணிக்கவாசகரின் திருவெம்பாவையைக் கிரந்தவழி எழுத்தில் எழுதி வைத்து, சிவலோகக் கதவு திறக்கும் மந்திரமாக அவர்கள் ஓதுகின்றனர். ஒலி திரிந்துவிட்டது, பொருளும் மறந்துபோயிற்று. பொருளறியா மனனத்தைப் பள்ளிகளில் பழிப்பதுண்டு. ஆயினும், கடல் கடந்து சென்ற பாட்டை இங்கே காத்துத் தந்தது அம்மனனமேயன்றி வேறன்று. அப்பாடங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1972-இல் நூலாக அச்சிட்டது.

மார்கழி, தையை ஒட்டி அந்நகர் செல்லும் தமிழர்க்கு ஊஞ்சலிலிருந்து தேவஸ்தானம் சில நிமிட நடைதான்.