கொடை இரவும் பேய்ப்படமும்

பேய்ப்படம் பார்த்து அஞ்சுவது இருபதாம் நூற்றாண்டு நமக்குத் தந்த புதிய பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள், பொருநைக் கரையில், நள்ளிரவு வழிபாடாகிய ஒரு சாமக்கொடையை விழித்திருந்து கண்டிராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கொட்டகையும் வெண்திரையும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, இருளையும் ஒலியையும் கதையையும் கொண்டு ஓர் ஊர் முழுவதையும் நடுங்கவைத்து, விடிவதற்குள் அந்த நடுக்கத்தைத் தணித்தும் அனுப்புகிற வித்தை இங்கே சம்பிரதாயமாக வேரூன்றியிருந்தது. அதற்கென்றே புலவர்களும், பாடி நடத்தும் அண்ணாவிகளும் பரம்பரையாக வாழ்ந்துவந்தார்கள்.

பொருநை எனப்படும் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரியிலும், ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆறுமுகமங்கலத்திலும், இன்னும் பெயர் பரவாத எத்தனையோ சிற்றூர்களிலும் சுடுகாட்டுத் தெய்வமான சுடலைமாடனுக்குக் கோயில் உண்டு. பல இடங்களில் விக்கிரகம்கூடக் கிடையாது. மேலே குறுகிச் செல்லும் ஒரு பீடமே தெய்வம். கொடை என்னும் திருவிழா நாளன்று அதன் முன்றிலில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடைபெறும். கூத்துத் தொடங்குமுன், மகுடம் என்னும் பறையை முழக்குபவர் செய்யும் காரியத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். சிறு தீயை மூட்டி, மகுடத்தின் தோலை அதில் காட்டி, விரலால் தட்டிச் செவி சாய்த்துக் கேட்டு, போதாதென்று மறுபடியும் காட்டுவார். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களும் இணங்கிய பிறகே அண்ணாவி வாயைத் திறப்பார். பெண்வேடம் பூண்ட ஆடவர் இருவர் ஆடத் தொடங்குவார்கள். முன்னிரவில் நிதானமாக நடக்கும் அந்தத் தாளம் நள்ளிரவு நெருங்க நெருங்கத் துரிதமாகி, கேட்பவனுடைய நெஞ்சின் துடிப்பைத் தன் வசப்படுத்திக்கொள்ளும் வேளையில்தான், கணியான் தன் கையைக் கீறி உதிரம் சிந்தும் கைவெட்டுச் சடங்கும், சாமியாடி தீப்பந்தமும் வல்லயமும் ஏந்தி மயானத்துக்கு வேட்டைக்குப் போவதும் நிகழும்.

வேட்டைக்குப் போகிறவரைக் கூட்டம் பின்தொடரலாகாது, குறுக்கே வரலாகாது. ஆகவே மயானத்தில் நடப்பதை ஊர் பார்ப்பதில்லை. பந்தத்தின் வெளிச்சம் சுடுகாட்டுப் பக்கமாகச் சென்று மறைவதைக் கண்டுவிட்டு, திரும்பி வரும் வரையில் அவரவர் மனத்துக்குத் தோன்றியதைக் கற்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றே ஊராருடைய வேலை. காட்டாமல் விடுவதே பீதியை வளர்க்கும் என்பதை இக்காலத்துத் திரைப்பட இயக்குநர்கள் பெரிய சூத்திரமாக ஓதுகிறார்கள்; நம்முடைய கிராமத்துச் சாமியாடிகளுக்கு அது நடைமுறை.

கதைகளும் இதே சாமர்த்தியத்தோடு அமைந்தவை. தொண்டை நாட்டுப் பழையனூர் நீலியின் கதை தெற்கே வந்து, வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதையாகப் பாடப்படுகிறது. கள்ளிச் செடியின் நிழலில், காதலனை நம்பி அவன் மடியில் தலைவைத்துத் துயின்ற தாசியைப் பொருளாசையால் அவனே கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாக வழிநடக்கையில், அவள் கள்ளிக்கிளையைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, அழகிய மனைவியாகப் பின்தொடர்ந்து வந்து, ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் அலறுகிறான், சபையோ, பொறுப்பும் நியாய உணர்ச்சியும் உள்ள பெரியவர்களைக் கொண்ட அந்தச் சபையோ, அழும் பெண்ணையும் குழந்தையையும் பார்த்து இரங்கி, இருவரையும் ஒரே வீட்டில் ஓர் இரவு தங்கவைக்கிறது. அவள் யாரென்று பாட்டைக் கேட்பவருக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. கதவு சாத்தப்படும் அந்தக் கட்டத்தைவிடக் கொடூரமான காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நல்லவர்களுடைய நல்ல தீர்ப்பே கொலைக்குக் கதவைத் திறந்துவிடுகிறதே!

ஆனால் அஞ்சுவதற்கு அப்பாலும் இக்கதைகளில் ஒன்று இருக்கிறது. அநியாயமாக மாண்டவர்களே இங்கே அஞ்சத்தக்கவர்களாகிறார்கள். பாபநாசம் மலையில் காரையாற்றருகே சொரிமுத்தையனார் கோயிலில் பூசை பெறும் முத்துப்பட்டன், பிராமண குலத்தில் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு திருட வந்தவர்களோடு போராடி உயிர் துறந்தவன். இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை இப்பாடல்களைச் சமூக வரலாற்றின் சாட்சியங்களாக மதித்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இடையன்குடியிலிருந்த கால்டுவெல் பாதிரியார் இவ்வழிபாட்டைப் பேய் வணக்கமென்றே இகழ்ந்தார். எனினும் அவர் காலத்துப் பாதிரிமார் பதிவுசெய்த ஒரு செய்தி சுவையானது. 1809இல் திருவிதாங்கூர் அரண்வரிசையைப் பிடிக்கும் போரில் காயமுற்று மாண்ட போல் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் கல்லறைக்கும் இப்பகுதி மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வந்தார்களாம். துர்மரணம் எய்தியவன் வெள்ளைக்காரனாயினும் அவன் விரும்பியதைக் கொடுத்துச் சாந்தப்படுத்துவதுதானே முறை!

இந்த முறையை மனத்தில் கொண்டு எனக்குப் பிடித்த படங்களை எண்ணிப் பார்க்கிறேன். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் வந்தது. பாழடைந்த மாளிகைக்குள் நுழையும் இளைஞனுக்குப் பூர்வஜன்ம நினைவு திரும்புகிறது; ஏழைப் பெண்ணை ஜமீன்தார் மகன் காதலித்த குற்றத்துக்காக அன்று அழிக்கப்பட்ட காதல் அது. குலம் கடந்த காதலையும் கோர மரணத்தையும் பாடும் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. நம்பியாரின் கிழ ஜமீன்தார் வேடமும், வின்சென்டின் ஒளிப்பதிவில் அந்த மாளிகையில் தேங்கி நிற்கும் நிழலும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் சுசீலாவின் குரலும் சேர்ந்து, பேய் என்று ஒன்றைக் காட்டாமலேயே பயானக ரஸத்தை உண்டாக்கிவிடுகின்றன. அதே வின்சென்ட் மறுஆண்டு பஷீரின் கதையை மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்று இயக்கினார்; அதையும் விட்டுவிட மனம் வரவில்லை. 1978இல் விட்டலாச்சாரியா எடுத்த 'ஜகன்மோகினி'யில், மோகினி தன் கால்களையே அடுப்பில் விறகாக வைத்து எரிக்கும் காட்சி பெரும்புகழ் பெற்றது. எனக்கென்னவோ அதில் சிரிப்புத்தான் மிஞ்சியது. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் காட்டிவிட்டால் அச்சத்துக்கு இடமேது?

1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' இவ்வரிசையில் தலைசிறந்தது என்பது என் முடிபு. பின்னர் 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழ் பேசியதும் அந்தக் கதைதான். 'மணிச்சித்திரத்தாழ்' காட்சிகளிற் பல எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, இசக்கி கோயில் கொண்ட முப்பந்தலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அப்படத்திலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவள் ஆடல் மகளே. அவளை விரட்டுவதற்குப் பதிலாக, அவள் கேட்கும் பழியைப் பொய்யுருவத்தின்மீது தீர்த்துக்கொள்ள விட்டு, கோபம் தணிந்த பின் வழியனுப்புகிறார்கள். அண்மைக்காலப் படங்கள் பலவற்றில் மந்திரவாதி வந்து பேயை எரித்துச் சாம்பலாக்குவதோடு கதை முடிந்துவிடுகிறது. இறந்தவளுக்கு இழைத்த அநியாயத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பொருநைக் கரையில் அவளுக்குப் பீடம் உண்டு, ஆண்டுக்கொரு கொடை உண்டு, அவள் கதையை முதலிலிருந்து முடிவுவரை பாடக் கேட்கும் ஊரும் உண்டு.

மகுடம் முழங்கிய கோயில்களில் இன்று ஒலிபெருக்கியும் இன்னிசைக் கச்சேரியும் வந்து அமர்ந்துவிட்டன. கணியான் கூத்துக் குழுக்கள் சிலவே எஞ்சியிருக்கின்றன. பேய்ப்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள், வெளிநாட்டுப் படங்களை ஆராய்வதற்கு முன்னால், சித்திரையிலோ ஆடியிலோ திருநெல்வேலிப் பக்கம் வந்து, ஒரு கொடையில் தொடக்கச் சடங்கான குடியழைப்பிலிருந்து விடியும்வரை உட்கார்ந்து கேட்கட்டும்; அண்ணாவிக்கு உரிய சன்மானத்தையும் மறவாமல் கொடுத்துவிட்டுப் போகட்டும்.