அயலவன் வைத்த பெயர்

சென்ற தவணையில் பத்தாம் தரத்துக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்ததும், இங்கு வணிகம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களை அவர்கள் "மூர்" என்று அழைத்ததும் பாடத்தில் வந்தன. கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பினான்.

"சேர், மூர் எண்டா மொரோக்கோ ஆக்கள்தானே? நம்மட ஆக்கள் அங்க இருந்தா வந்த?"

ஆசிரியர் கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்த விடையையே அவனுக்கும் சொன்னேன். போர்த்துக்கேயனுக்கு முஸ்லிம் என்றால் மூர்தான், அவன் கையில் வேறு பெயர் இருக்கவில்லை என்றேன். விடை பிழையில்லை. ஆனால் அரைகுறை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இருபது வருடமாக இந்த அரைகுறை விடையைத்தான் நான் சொல்லி வந்திருக்கிறேன்.

அன்றிரவு கைத்தொலைபேசியில் போர்த்துக்கல் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, மூர் என்ற பெயர் அவர்களுடைய சொந்த மண்ணில் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். தெற்கே மொவுரா என்றொரு பட்டினம். தலைநகர் லிஸ்பனில் மொவுராரியா என்றொரு பகுதி. 1147இல் நகரம் கிறிஸ்தவர் கைக்குப் போனபின் எஞ்சிய முஸ்லிம்கள் ஒதுங்கி வாழ்ந்த இடம். இவை ஏற்கனவே கேள்விப்பட்டவைதாம். என்னை மறித்து நிறுத்தியது வடக்கே கண்ணில் பட்ட வேறொரு பெயர்: கலேகோஸ்.

"கலேகோ" என்றால் போர்த்துக்கேய மொழியில் கலீசியாவைச் சேர்ந்தவன். கலேகோஸ் அதன் பன்மை, "கலீசியர்கள்". கலீசியா என்பது போர்த்துக்கலுக்கு நேர் வடக்கே, மின்யோ நதிக்கு அப்பால், இன்று ஸ்பெயினுக்குள் இருக்கும் மாகாணம். அந்தப் பெயர் நதிக்கு இப்பால், போர்த்துக்கலின் உள்ளே, ஊர்ப்பெயராக நிற்கிறது. அதுவும் ஓரிடத்தில் மட்டுமல்ல. பார்செலோஸ் பகுதியில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு பங்குகள். ஒன்று சாந்த மரியா கலேகோஸ், மற்றது சாவ் மார்த்தின்யோ கலேகோஸ். நம்மூர்களில் பெரிய, சின்ன என்று முன்னொட்டு வைத்துப் பிரிப்பதுபோல அவர்கள் புனிதர் பெயரால் பிரித்திருக்கிறார்கள். போவோவா த லன்யோசோவில் ஒன்று, பெனாபியேலில் ஒன்று. தெற்கே வெகுதூரத்தில், மார்வாவ் என்ற மலைக்கோட்டை ஊரின் அடிவாரத்தில், ஸ்பெயின் எல்லையோரமாக இன்னொரு சிற்றூர். பங்கு என்றதும் தேவாலயத்தை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. போர்த்துக்கல்லில் அதுவே நிர்வாகத்தின் ஆகச் சிறிய அலகு. நம் கிராம சேவகர் பிரிவுக்குச் சற்று மேலே வைக்கலாம்.

ஒரு நாட்டு ஊருக்கு அயல்நாட்டார் பெயர் வந்தது எப்படி? குடியேறி வந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டினால் விஷயம் தலைகீழாகிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூனியஸ் புரூட்டஸ் என்ற ரோமத் தளபதி இப்பகுதி மக்களை வென்று "கல்லாயிக்கஸ்" என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். வெல்லப்பட்டவர்களின் பெயர் வென்றவனின் பட்டமாயிற்று. பின்னர் ரோமர் கல்லேசியா என்று ஒரு மாகாணத்தையே அமைத்தார்கள். அதன் தலைநகர் எது தெரியுமா? இன்று போர்த்துக்கலில் இருக்கும் பிராகா. நான் மேலே சொன்ன பார்செலோஸ் கலேகோஸ் ஊர்கள் இருப்பது அந்தப் பிராகாவுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தூரத்தில். அதாவது கலீசியர் நாட்டின் நடுமையத்தில். அக்காலத்தில் அங்கே எல்லாருமே கலீசியர். எல்லாரும் கலீசியராக இருக்கும் இடத்தில் ஓர் ஊரை மட்டும் "கலீசியர்" என்று யாராவது அழைப்பார்களா?

ஆக, அந்தப் பெயர் பழைய கலீசியாவின் எச்சமாக இருக்க முடியாது. சுற்றியிருந்தவர்கள் "நாங்கள் கலீசியர் அல்லர்" என்று எண்ணத் தொடங்கிய பிறகே அது பிறந்திருக்க வேண்டும். 1128இல் அபோன்சோ என்ரீக்கெஸ் தன் தாய் தெரேசாவின் படையை சாவ் மமேதே சண்டையில் தோற்கடித்தான். தாயின் பக்கத்தில் நின்றவர் கலீசியப் பிரபு ஒருவர். 1143இல் அவனுடைய அரச பட்டத்தை அயல் மன்னன் ஏற்றுக்கொண்டான். 1179இல் பாப்பரசரும் அங்கீகரித்தார். தாய்க்கும் மகனுக்கும் இடையில் விழுந்த கோடு மெல்ல மெல்ல ஒரு நாட்டின் எல்லையாயிற்று. இருபுறத்தாரும் அப்போது பேசியது ஒரே மொழி. 13ஆம் நூற்றாண்டில் இருபுறத்துப் புலவர்களும் அந்த ஒரே மொழியில்தான் பாடல் கட்டினார்கள். மொழியால் பிரிக்க முடியாதவர்களைப் பெயர் பிரித்தது.

ஸ்பெயினுக்குள்ளும் இதே கதை நடந்திருக்கிறது. மத்திய நூற்றாண்டுகளில் தூவேரோ ஆற்றுச் சமவெளியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியமர்ந்தபோது, சலமன்கா, சமோரா, அவிலா, செகோவியா ஆகிய இடங்களில் "கயேகோஸ்" என்ற பெயரில் ஊர்கள் தோன்றின. அவற்றுட் பல இன்று தனித்தனி நகரசபைகள்.  யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும் கொழும்பின் பழைய சோனகத் தெருவும் சோனகர் அல்லாதார் நடுவே இருப்பதால்தான் அப்பெயரைப் பெற்றன. முழுக்க முழுக்க முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் ஒரு தெருவுக்குச் சோனகத் தெரு என்று பெயர் வைத்தால் தபாற்காரன் சிரிப்பான்.

பெயர் சூட்டுவதில் நம்மவர்களும் சளைத்தவர்களல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தலூஸில் ஆண்ட முஸ்லிம்கள் வடமேற்கு முழுவதையும் "ஜில்லீகிய்யா" என்றும், அங்குள்ளோரை "ஜலாலிகா" என்றும் எழுதினார்கள். இன்றைய வட போர்த்துக்கேயரும் குர்துபாவின் கண்ணுக்கு ஜலாலிகாதான். 9ஆம் நூற்றாண்டில் குர்துபா அமீருக்கு எதிராகக் கிளர்ந்து, பதஹோஸ் நகரை நிறுவிய ஒருவரின் பெயர் அப்துர் ரஹ்மான் இப்னு மர்வான் அல்-ஜில்லீகி. கலீசியன் இப்னு மர்வான் என்று பொருள். அவர் முஸ்லிம், அவரது குடும்பம் இஸ்லாத்தைத் தழுவிய உள்நாட்டுக் குடும்பம். முன்னோர் வந்த திசை அவர் பெயரின் வாலில் தொங்கிக்கொண்டே இருந்தது. மார்வாவ் என்று மேலே சொன்னேனே, அந்த மலைக்கோட்டையின் பெயர் இந்த இப்னு மர்வானின் பெயரிலிருந்து வந்ததுதான். கலீசியன் என அழைக்கப்பட்ட முஸ்லிமின் பெயரில் ஒரு கோட்டை, அதன் அடிவாரத்தில் கலீசியர்கள் என்றொரு ஊர். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட எனக்கும் கை துருதுருக்கிறது. ஆனால் ஆசை சான்றாகாது. நம் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிகள் பலவும் வழுக்கி விழுந்த இடம் இதுவே.

மீண்டும் பார்செலோஸுக்கு வருவோம். அந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஊரில் ஒரு களவு நடந்தது. கள்வன் யாரென்று தெரியவில்லை. சந்தியாகோவுக்கு யாத்திரை போய்க்கொண்டிருந்த ஒரு கலீசியன் அவ்வழியே வந்தான். வேறென்ன வேண்டும்? பிடித்துத் தூக்குத் தீர்ப்புக் கொடுத்தார்கள். அவன் நீதிபதியைக் காணவேண்டும் என்றான். நீதிபதி விருந்துண்டு கொண்டிருந்தார். மேசையில் பொரித்து வைத்திருந்த சேவலைக் காட்டி, "நான் குற்றமற்றவன் என்பதற்கு, என்னைத் தூக்கிலிடும்போது இது கூவும்" என்றான். கூவியது. நீதிபதி ஓடிப்போய்ப் பார்த்தபோது சுருக்கு இறுகாமல் அவன் உயிரோடு இருந்தான்.

இன்று போர்த்துக்கலின் அடையாளமாக உலகெங்கும் விற்கப்படும் வண்ணக் களிமண் சேவல் இந்தக் கதையின் சேவல்தான். அந்தச் சேவல்களுக்கும் மண்பொம்மைகளுக்கும் பேர்போன ஊர்கள் எவை என்று பார்த்தால், அதே இரண்டு கலேகோஸ் பங்குகள். 1888இல் சாவ் மார்த்தின்யோ கலேகோஸில் பிறந்த ரோசா ரமாலியோ என்ற பெண் சிறுவயதில் மண் பிசையப் பழகினார். மணமுடித்தபின் ஏறத்தாழ ஐம்பது வருடம் அதை விட்டிருந்தார். கணவர் மறைந்தபின், அறுபது வயதுக்கு மேல், திரும்பவும் மண்ணில் கைவைத்தார். விநோதமான மிருகங்களையும் பேய் முகங்களையும் செய்து நாடறிந்தவரானார், 1977இல் காலமானார். களவுப் பழி சுமந்த கலீசியனின் சேவலை, கலீசியர் எனப் பெயர் தாங்கிய ஊரார் செய்து விற்க, அது போர்த்துக்கேயனின் சின்னமாகிவிட்டது.

ஆனால் பெயரின் பாரம் குறையவில்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வறுமை துரத்த, கலீசியர் ஆயிரக்கணக்கில் லிஸ்பனுக்கு வந்தார்கள். பீப்பாய் சுமந்து வீடு வீடாகத் தண்ணீர் விற்றார்கள். தெருவில் தீப்பற்றினால் அந்தப் பீப்பாயோடு ஓடிப்போய் அணைக்க வேண்டிய கடமையும் அவர்களுடையதே. மூட்டை தூக்கினார்கள். தோரு நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்குக் கல்லடுக்கிப் படிக்கட்டு வரம்பு கட்டினார்கள். "கலேகோ" என்ற சொல்லுக்கு அகராதியில் கூலியாள் என்றும் பொருள் ஏறியது. முறிந்து பாடுபடுகிறவனைப் போர்த்துக்கேய மொழியில் "கலீசியனைப் போல வேலை செய்கிறான்" என்பார்கள்.

இந்த வாக்கியத்தை வாசித்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இதற்கு ஒரு இரட்டை உண்டு. "மூரைப் போல வேலை செய்கிறான்." அது போதாதென்று, மூர் என்ற பெயரிலிருந்தே "மொவுரெஜார்" என்றொரு வினைச்சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள், மாடாய் உழைத்தல் என்று பொருள். ஒருவன் அவர்களுடைய மதம், அவர்களுடைய மொழியின் உடன்பிறப்பு. மற்றவன் வேறு மதம், வேறு மொழி. சுமைதூக்க வைத்தபோது இருவருக்கும் ஒரே உவமைதான் கிடைத்தது.

1496 டிசம்பரில் மன்னன் மனுவேல், யூதரும் முஸ்லிம்களும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டான். ஒன்பது வருடத்துக்குள் அவனுடைய கப்பல்கள் நம் கரையில் நின்றன. சொந்த மண்ணிலிருந்து துரத்திய பெயரைக் கப்பலில் ஏற்றி வந்து இங்கே இறக்கியிருக்கிறார்கள். 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து நம் முன்னோரை அவர்கள் வெளியேற்றியபோதும், கண்டி மன்னன் செனரத் அவர்களிற் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியபோதும், போர்த்துக்கேயர் ஏட்டில் இருந்த பெயர் அதுதான். பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி எழுதியதையும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதியதையும் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இருவரும் மோதிய களத்தின் பெயர்ப் பலகையை நாட்டியவன் எங்கிருந்தோ வந்த மூன்றாமவன்.

பெயர் ஆளை விடவும் நீடிக்கும் என்பதை நம் தலைமுறை கண்ணாலேயே கண்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரு சோனகரும் இல்லாத அந்த வருடங்களிலும் தேசப்படத்தில் சோனகத் தெரு சோனகத் தெருவாகவே இருந்தது.

மறுகிழமை வகுப்பில் இதிற் பாதியையாவது சொல்லிப் பார்த்தேன். மணி அடிக்கிற நேரம். கேள்வி கேட்டவன் இம்முறை முன் வாங்கில் இருந்தான்.

"அப்ப சேர், அந்த கலேகோஸ் ஊர் ஆக்கள் இப்ப தங்களை என்னெண்டு சொல்ற?"

"போர்த்துக்கேயர் எண்டு."

அவன் கொப்பியை மூடிக்கொண்டு சிரித்தான்.