கூரையில் விளையும் மின்சாரமும் அதற்குரிய விலையும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாறசாலைக்கு அண்மையில், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையூர் தனுவச்சபுரம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இப்பகுதிக்கு மின்சாரம் தொலைவிலிருந்து வரும் பொருளாகவே இருந்தது. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசலில் 1940இல் இயங்கத் தொடங்கியது. அந்நாள் தொட்டு அரசு விற்பதும் குடிகள் வாங்குவதுமே வழக்கம். குடியானவனே மின்சாரத்தை விற்கும் நிலை நம் காலத்தில்தான் வந்தது. அதற்கு விலை குறிப்பவர் யார் என்ற வழக்கும் உடன் வந்தது.

இவ்வழக்கை உலகம் இரு வகையாகத் தீர்த்துள்ளது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1983இல், வீட்டார் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து மிஞ்சியதற்கு மட்டும் கணக்குப் பார்க்கச் சட்டம் செய்தது. இதனையே நிகர அளவீடு என்கிறோம். ஜெர்மனியின் ஆகன் நகரமோ 1995இல், பலகை நிறுவிய செலவு மீளும் வண்ணம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 மார்க் தர முன்வந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் இவ்வழியைத் தழுவி, 20 ஆண்டுகளுக்கு மாறாத விலையை உறுதி செய்தது.

நம் நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. கேரள ஒழுங்குமுறை ஆணையம் 2014இலும் 2020இலும் விதிகள் வகுத்து, நிகர அளவீட்டை ஏற்றது. ஆண்டு முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்கு வாரியத்தின் சராசரிக் கொள்முதல் விலை என்றது. எல்லைக்கு அப்பால், தமிழகத்தின் 2019ஆம் ஆண்டுக் கொள்கை வேறு வழி பிடித்தது. வீட்டார் வாங்கியதற்கு முழு விலை, கொடுத்ததற்குக் குறைந்த விலை என்றாயிற்று. 2021 அக்டோபரில்தான் அங்கே வீடுகளுக்கு நிகர அளவீடு மீண்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. தனுவச்சபுரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு மும்பையிலோ பெங்களூரிலோ பணிபுரிபவரின் கூரையில் விளைவது அனைத்தும் மிச்சமே. குடியிருப்பவருக்கு ஒவ்வொரு யூனிட்டும் அவர் செலுத்த வேண்டிய கட்டணத்தையே குறைக்கிறது. பூட்டிய வீட்டாருக்கோ கொள்முதல் விலைதான் மிஞ்சுகிறது. ஒரே அளவுப் பலகை, ஒரே வெயில், வரவு வேறு.

வாரியத்தின் முறையீட்டையும் கேட்கத்தான் வேண்டும். கதிரவன் பகலில் தருகிறான். கேரளத்தின் தேவையோ மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை உச்சமடைகிறது. அவ்வேளையில் வாரியம் மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறது. பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் சமமா என்று அது வினவுவதில் பொருளுண்டு. எனினும், வங்கியில் கடன் பெற்றுப் பலகை அமைத்தபின் விதி மாறினால் இழப்பு முழுவதும் வீட்டாரையே சாரும். 2025இல் ஆணையத்தின் வரைவு விதிகள் நிகர அளவீட்டின் எல்லையைச் சுருக்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்புக்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம்.

உழவர்பால் இக்கணக்கு இன்னும் ஆழமானது. குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூரில், 2016இல் 6 உழவர்கள் சூரியப் பம்புகளை இணைத்துக் கூட்டுறவு கண்டனர். மின் நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பியது. பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் மேலும் 2 ரூபாய் 50 காசு ஊக்கத்தொகை சேர்த்தது. மானிய விலை மின் இணைப்புக் கோரும் உரிமையை உழவர்கள் விட்டுக்கொடுத்தனர். விலையில்லா வெயிலால் பம்பை ஓயாது ஓட்டிக் கிணற்றை வறளச் செய்வர் என்ற அச்சம் முன்பு இருந்தது. மின்சாரம் விற்பனைப் பயிரானதும், வேண்டாத நீரை இறைப்பது கைப்பணத்தை இழப்பதற்கு ஒப்பாயிற்று. 2018இல் குஜராத் அரசு இதே நெறியில், முதல் 7 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் தரும் திட்டத்தை வகுத்தது. அதில் பாதி மின் நிறுவனத்தின் பங்கு, பாதி அரசின் பங்கு.