தகடூர் யாத்திரைகள்: சைக்கிள், சாலை, நடுகல்

1

தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் தமிழில் இருந்திருக்கிறது. முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் மேற்கோளாகத் தப்பிய சில பாடல்கள்தான் மிச்சம். எம்.ஏ. படிக்கிறபோது மறைந்த நூல்களின் பட்டியலில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோன பெயர். தருமபுரிக்காரனான எனக்கு அந்தத் தலைப்பில் உறுத்த வேண்டிய விஷயம் வெகுநாள் உறுத்தவில்லை. அங்கே 'யாத்திரை' என்றால் கோயில் குளம் பார்க்கப் போவதல்ல, படையெடுப்பு. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை முற்றுகையிட்டு அழித்த கதை அது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடிய அரசனுக்கு அடைமொழியே 'தகடூர் எறிந்த' என்பதுதான். ஆக, எங்கள் ஊருக்கு வந்த பயணங்களில் பெயரோடு இலக்கியத்தில் பதிவான ஒரு பயணம், ஊரை அழிக்க வந்த பயணம்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பயண வகை நம்மிடம் உண்டு: ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் பசியோடு எதிரே வருகிறவனை நிறுத்தி, எந்த வழியாகப் போகணும், எங்கே என்ன சோறு கிடைக்கும், யார் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புவது. கடைசியில் அதுவும் ஒரு வள்ளலின் வாசலில்தான் போய் நிற்கிறது என்பது வேறு விஷயம். ஆனாலும் வழி சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே சாலையில் நடக்கிற ஏழைகள். யாத்திரை, ஆற்றுப்படை ஆகிய இந்த இரண்டு வடிவங்களை வைத்துக்கொண்டு ஒரு மே மாதத்தில் நானும் நண்பர் ஒருவரும் நான்கு நாள் சைக்கிளில் தருமபுரி மாவட்டத்தைச் சுற்றியதைப் பற்றிச் சில குறிப்புகளை முன்வைக்கிறேன். இது பயணக் கட்டுரை அல்ல. சரித்திரம் உள்ள ஊர் என்று எதைச் சொல்கிறோம், அங்கே சாலையில் போகும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே கேள்வி.

2

இந்த யோசனை வந்ததே ஜெர்மனியைப் பற்றிப் படித்ததில்தான். கோடைகாலத்தில் அங்கே பழைய நகரங்கள் வழியாகக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். சைக்கிளின் மூதாதையான இருசக்கர ஓடுவண்டியை கார்ல் டிரைஸ் 1817 ஜூனில் ஓட்டிக் காட்டியது அந்த நாட்டின் மன்ஹைம் நகரத்தில்தான். 'ரொமாண்டிக் சாலை' என்று வூர்ட்ஸ்பூர்க்கிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் வரை ஒரு சுற்றுலாத் தடம் இருக்கிறது. சாலைகள் பழையவை, பெயரும் தடமும் 1950இல் உருவாக்கப்பட்டவை. போரும் நாஜிகளும் போன பிறகு உலகத்துக்குக் காட்ட ஒரு நல்ல ஜெர்மனி தேவைப்பட்ட காலம் அது.

அந்தத் தடத்தில் ரோத்தன்பூர்க் என்ற ஊர் இருக்கிறது. மதில், கோபுரம், மரச்சட்டம் போட்ட வீடுகள் என்று இடைக்காலம் அப்படியே உறைந்துகிடப்பதாகச் சொல்வார்கள். ஆனால் 1945 மார்ச் குண்டுவீச்சில் அந்தப் பழைய ஊரின் ஒரு பகுதி எரிந்துபோனது. இப்போது பார்க்கிற பழமையில் கணிசமானது பிறகு திருப்பிக் கட்டியது. நாஜிக் காலத்தில் இந்த ஊர்தான் அசல் ஜெர்மானிய ஊருக்கு மாதிரி என்று கொண்டாடப்பட்டது. அரசு அமைப்பே தொழிலாளர்களைச் சுற்றுலாவாக இங்கே அழைத்து வந்து காட்டியது. 1938 அக்டோபரில் ஊரில் மிச்சமிருந்த யூதர்கள் துரத்தப்பட்டார்கள். ஊரின் அழகும் அந்த வெளியேற்றமும் தனித்தனி விஷயங்கள் இல்லை. தூய்மையான கடந்தகாலம் ஒன்றைக் கட்டமைக்க வேண்டுமென்றால், அந்தக் கடந்தகாலத்தில் இடமில்லாதவர்களை நிகழ்காலத்திலிருந்தும் அகற்ற வேண்டியிருக்கிறது.

சைக்கிளும் இதிலிருந்து தப்பவில்லை. 1896இல் ஆஃபன்பாக் நகரில் 'ஒற்றுமை' என்ற பெயரில் தொழிலாளர் சைக்கிள் சங்கம் தொடங்கப்பட்டது. லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். துண்டறிக்கைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். 1933இல் நாஜிகள் அந்தச் சங்கத்தைத் தடைசெய்தார்கள். 1942 கோடையில் ஜெர்மனியிலிருந்த யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹாலந்தில் ஆன் ஃபிராங்க் தன் நாட்குறிப்பில் எழுதிய தடைகளின் பட்டியலிலும் சைக்கிள் இருக்கிறது. ஒரு மனிதனை அழிப்பதற்கு முன்னால் அவன் காலைக் கட்டுகிறார்கள். அதிகாரம் முதலில் கைவைப்பது நடமாட்டத்தில்தான்.

3

இந்த வாசிப்போடுதான் நாங்கள் கிளம்பினோம். தருமபுரியில் காட்டுவதற்கு மதில் இல்லை. கோட்டை என்பது இன்று ஒரு பகுதியின் பெயர். அங்கே மல்லிகார்ஜுனர், கல்யாண காமாட்சி கோயில் நிற்கிறது. சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் மிதித்தால் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் ராமாயண, பாரத ஓவியங்கள் மங்கிக்கிடக்கின்றன. அதியமானைத் தேடிப் போனால் கிடைப்பது பிற்காலத்துப் பெருமாள். இதில் ஏமாற ஒன்றுமில்லை. அதியமானுக்கு வலுவான கல்வெட்டுச் சான்று கிடைத்ததே இந்த மாவட்டத்துக்கு வெளியே, திருக்கோவலூர் பக்கத்து ஜம்பையில், 1981இல்தான். அது கூடச் சமணத் துறவிகளுக்குக் குகைப்பள்ளி கொடுத்த செய்தி. பின்னர் நொளம்பர் ஆட்சியில் தகடூரில் எழுந்த சமணப் பள்ளியைப் பற்றிப் பேசுவது கன்னடக் கல்வெட்டு. தமிழ் வீரத்தின் தலைநகரம் என்று மேடையில் முழங்கப்படுகிற ஊருக்குள் சமணமும் கன்னடமும் இவ்வளவு கலந்துகிடக்கின்றன. இந்தக் கலப்பைச் சொல்லாத 'வரலாற்றுச் சிறப்பு' எதுவும் ரோத்தன்பூர்க் பாணியிலானதுதான்.

இரும்பொறைக்குப் பிறகும் யாத்திரைகள் நிற்கவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்தார்கள். மன்றோ 1799 வரை இந்தப் பக்கம் இருந்தார், தருமபுரியிலேயே வசித்தார். குதிரையும் கூடாரமுமாக ஊர் ஊராகப் போய் வயலை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, வரி போட்டார்கள். பின்னால் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு ஒத்திகை நடந்தது இங்கேதான். அந்தப் பயணத்தில் எழுதப்பட்ட கணக்கில் நிலம் யார் பெயரில் ஏறியது, யார் பெயர் ஏறவே இல்லை என்பதுதான் அதன் சாரம்.

சரியாக 200 வருஷம் கழித்து, 1992 ஜூன் 20இல், அரூர் பக்கத்து வாச்சாத்திக்கு இன்னொரு யாத்திரை வந்தது. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் அவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சாலை ஓர் ஊருக்கு வந்தால் வளர்ச்சி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அந்தச் சாலையில் முதலில் எது வந்தது என்று வாச்சாத்தியில் கேட்டுப் பார்க்கலாம்.

பென்னாகரம் போகிற வழியில் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் வைத்து, பாரதமாதா கோயில் கட்டக் கனவு கண்டு, 1925 ஜூலை 23இல் இறந்த இடம். சிறையில் தொழுநோய் பிடித்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தபோது கட்டைவண்டியிலும் நடந்தும் தமிழ்நாட்டைச் சுற்றியவர் அவர். அவருடைய பாரதமாதா அரசியலோடு எனக்கு முரண்பாடு உண்டு. ஆனால் வண்டி மறுக்கப்பட்ட ஒரு உடம்பு, புண்ணோடு சாலையில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது என்பதை அந்த முரண்பாட்டால் அழித்துவிட முடியாது.

4

மூன்றாம் நாள் நண்பரின் ஊர். பெயர் வேண்டாம். நண்பர் பள்ளி ஆசிரியர், தலித். நானும் அவரும் தருமபுரி கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் அந்த மாதிரி ஊர்களில் 'ஊர்த்தெரு' என்று சொல்லப்படுகிற பக்கத்தில் பிறந்தவன். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதுவது நேர்மையாகாது.

காலனிக்குப் போக ஊர்த்தெரு இரண்டைக் கடக்க வேண்டும். முதல் தெரு முனையில் நண்பர் தேவையே இல்லாமல் பெல் அடித்தார். குறுக்கே ஆளில்லை, ஆடுமாடில்லை. இரண்டு தெருவும் முடிகிற வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே போனார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "வீட்டுக்கு வா, அப்பா சொல்வாரு" என்றார்.

அப்பாவுக்கு எழுபதுக்கு மேல் வயசு. திண்ணையில் களியும் கீரையும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கியாந்தேன் தம்பி. இந்த ரெண்டு தெருவுக்கும் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். பெல் அடிக்கக் கூடாது. துண்டு இடுப்புல இருக்கணும். சைக்கிள் என்னுதுதான், ஏறி உக்காரணும்னா ஊரைத் தாண்டணும்." யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். "யாரும் போடலியே. எல்லாருக்கும் தெரியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க ஊருல எப்படி தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொல்வதற்கு நேரமாயிற்று.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து உண்மை அறியும் குழுக்கள் இதையே எழுதியிருக்கின்றன: செருப்புப் போடக்கூடாது, சைக்கிளில் போகக்கூடாது. 1942இன் ஜெர்மானிய உத்தரவு எழுத்தில் இருந்தது. தேதி உண்டு, கையெழுத்து உண்டு, பிறகு விசாரிக்கவும் முடிந்தது. நம்முடையது எழுதப்படாத பிரதி. எழுதாததால் அதை யாரும் ரத்து செய்யவும் இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே உத்தரவுக்குப் பின்னால் கொலைமுகாம் இருந்தது. இங்கே இருந்தது ஒரு நீண்ட பழக்கம். ஆனால் சாலை பொது, சக்கரம் பொது அல்ல என்ற தர்க்கம் இரண்டிலும் இருக்கிறது.

இது மாறவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. நண்பரின் தங்கை மகள் அந்தச் சைக்கிளில் அதே இரண்டு தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். தாத்தா இறங்கித் தள்ளிய இடம் எதுவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நண்பர், தெரியணும் என்கிற கட்சி.

5

தெரியப்படுத்துவது எப்படி? இங்கேதான் நடுகல் வருகிறது. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் இறந்தவர்களுக்குக் கல் நட்ட நிலம் இது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் ஏராளம், 1970களில் இரா. நாகசாமியும் தொல்லியல் துறையினரும் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் 'தொறு', மீட்டுப் பட்டவன் யார் என்று சுருக்கமாகச் சொல்லும் கற்கள். பல கற்களை இன்று வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் ஆளோடு நின்று திருடரைக் கடித்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறது, கோவிவன் என்று.

நாய்க்குப் பெயர் கிடைத்திருக்கிறது. தொறு மேய்த்தவர்களுக்கு? பறிகொடுத்தவர்களுக்கு? நடுகல் ஆயுதம் ஏந்தியவனின் சொல்லாடல். அதனால்தான் சாதிச் சங்கங்கள் நடுகல் வீரர்களைத் தங்கள் முன்னோர் என்று சொந்தம் கொண்டாடுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஜெர்மனியில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் ஒரு சிறு கல்லைத் தரையில் பதித்தார். உள்ளங்கை அகலம், மேலே பித்தளைத் தகடு. நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் நடைபாதையிலேயே பதிப்பது. 'இங்கே வசித்தார்' என்று தொடங்கிப் பெயர், பிறந்த வருஷம், கொல்லப்பட்ட இடம். 'தடுக்கும் கற்கள்' என்று பெயர். 2023இல் நூரன்பெர்க்கில் 1,00,000ஆவது கல் பதிக்கப்பட்டது. எதிர்ப்பும் உண்டு, பெயர்கள் காலில் மிதிபடும் என்ற காரணத்தால் மியூனிக் நகரசபை பொது இடத்தில் இதை அனுமதிக்கவில்லை. ஆனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சைக்கிளில் வருகிறவன் ஒருதரம் குனிய வேண்டியிருக்கிறது. நடுகல் நம்முடைய வடிவம்தான். அதை வென்றவனிடமிருந்து எடுத்துப் பாதிக்கப்பட்டவனிடம் கொடுத்தது அவர்கள் செய்த காரியம்.

கடைசி நாள் நத்தம் காலனி வழியாக வந்தோம். 2012 நவம்பர் 7இல், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வீட்டோடு வண்டிகளும் எரிந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கியவை. தள்ளிக்கொண்டு போனவன் மகன் மோட்டார் சைக்கிளில் போகிறான் என்பது அந்தத் தீயில் ஒரு விறகு என்றுதான் நான் படிக்கிறேன். தருமபுரியின் சுற்றுலாக் கையேட்டில் ஒகேனக்கல் இருக்கிறது, அதியமான்கோட்டை இருக்கிறது. நத்தமும் வாச்சாத்தியும் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களாக எப்போது சேரும்?

நாங்கள் போனது யாத்திரையா ஆற்றுப்படையா என்று முடிவுசெய்ய எனக்கு உரிமை இல்லை. வழி சொன்னவர்கள் பங்சர் கடைக்காரரும் நண்பரின் அப்பாவும்தான். கிளம்புகிறபோது அவரிடம், அந்த இரண்டு தெருவுக்கு நடுவில் ஒரு கல் நட்டால் என்ன எழுதலாம் என்று நண்பர் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க எறங்கினேன், எங்க ஏறினேன்னு ரெண்டு கல்லா வையி" என்றார். "ஒண்ணு வெச்சா பத்தாது."