செடிக்குப் போர்வை: ஊட்டி உறைபனியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மார்கழி, தை வந்தால் தலைகுந்தா புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும் படங்கள் எல்லோர் போனிலும் சுற்றும். பத்திரிகைகளும் தவறாமல் ‘குட்டி காஷ்மீர்’ என்று எழுதிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காஷ்மீரில் விழுவது மேகத்திலிருந்து வரும் பனி. ஊட்டியில் நாம் பார்ப்பது தரையிலேயே உண்டாகும் உறைபனி.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே காற்றிலுள்ள ஆவி, நீராக மாறாமலே நேராகப் பனித்துகளாகிப் புல்நுனியில் படியும். அதனால்தான் மேட்டிலுள்ள தோட்டம் தப்பிக்க, கீழே குதிரைப் பந்தய மைதானம் வெளுத்துக் கிடக்கிறது. காலை வெயில் பட்டதும் அந்த வெள்ளையெல்லாம் மினுமினுக்கும். பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் இலைக்கு அதுதான் ஆபத்தான நேரம். உறைந்த திசு சட்டென்று உருகும்போது இலை வெந்த கீரை போலத் துவண்டு, சில நாளில் கருகிவிடும்.

நீலகிரியின் பழைய குடிகளுக்கு இது புதிதல்ல. தோடர்களின் வீட்டு வாசலைப் பாருங்கள், குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளிருக்கும் சூடு வெளியே போகக்கூடாது. மலையின் காடும் அப்படியே. சோலை மரங்களின் இளங்கன்றுகள் மர நிழலில் தப்பிக்கும், திறந்த புல்வெளியில் உறைபனிக்குத் தாங்காது. சோலையும் புல்வெளியும் இப்படித் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்கிறார்கள் தாவரவியலார்.

சிக்கல் வெளியூர்ச் செடிகள் வந்த பிறகுதான். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். உருளைக்கிழங்கும் பிற ஐரோப்பியக் காய்களும் பின்னாலேயே வந்தன. 1848இல் இலண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் இங்கே வந்து, தொட்டபெட்டாவின் சரிவில் இன்றைய தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். வேலை முடிய ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆயின.

1860களில் மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாவை வளர்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கன்றுகளைக் கண்ணாடி வீட்டுக்குள் பெருக்கினார்கள். குளிரைத் தாங்கும் வகைக்குத் தொட்டபெட்டா, அவ்வளவு தாங்காத செம்பட்டை வகைக்குத் தாழ்வான நடுவட்டம் என்று இடம் பிரித்தார்கள். பட்டையை உரித்த மரத்தில் ஈரப் பாசியைச் சுற்றிக் கட்டினால் பட்டை மறுபடி வளரும் என்று கண்டவரும் மெக்கைவர்தான். செடிக்குப் போர்வை போடும் வேலை அவருக்குப் பல விதத்தில் பழக்கம் போலிருக்கிறது!

மெக்கைவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மண் சுமந்தவர்கள், சாயங்காலம் செடி செடியாக மூடி, விடிந்ததும் விரல் விறைக்க எடுத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. அந்த வேலை இன்றும் நடக்கிறது. பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுகிறார்கள். புல்வெளிக்குக் காலையிலேயே தெளிப்பான் வைத்து, வெயில் ஏறுமுன் உறைபனியைக் கரைக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் வள்ளல் என்று பாடமே நடத்தினோம். இவர்களுக்கு அது தினக்கூலி.

தேயிலையில் நிலைமை இன்னும் கடுமை. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த நம் மக்களுக்கு மறுவாழ்வு தர, 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு, பறிப்பதற்குக் கொழுந்தே இல்லாத வாரங்களை உறைபனி காட்டியது. ஒரே இரவில் செடியின் தலை கருகினால், புதுத் தளிர் வரப் பல வாரம் ஆகும். சிறு விவசாயிக்கும் அதுவரை வரும்படி இல்லை. சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் அதே காலைதான் இதுவும்.

குன்னூர், கொடைக்கானல், மூணாறு பக்கம் இருக்கும் பிள்ளைகள் சிலர் ரோஜாவைக் காப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். இருட்டுமுன் சாக்கோ பழைய துணியோ கொண்டு, தரையைத் தொடுகிற மாதிரி மூடுங்கள். தரையின் சூடுதான் செடியைக் காக்கிறது, துணியின் சூடு அல்ல. பிளாஸ்டிக் என்றால் இலையில் படக்கூடாது, குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். வெயில் வந்து பனி உருகியபின் எடுத்துவிடுங்கள். கருகிய கிளையை உடனே வெட்டவேண்டாம், அடுத்த இரவில் கீழுள்ள துளிருக்கு அதுவே மறைப்பு. மாசி கழியட்டும், பிறகு கவாத்து செய்யலாம்.