கொதிநீர்க் குடிகள் – 4: ஐம்பத்தைந்தில் நின்ற முள்

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் வெள்ளிமலையில் செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்வார்கள்: “தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க.” ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் விடமாட்டார்கள். ஒருமுறை எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி செவிலியரை மடக்கினார்: “கொதிச்சா எல்லாப் பூச்சியும் செத்துடுமா கண்ணு?”

“எல்லாம் செத்துடும் பாட்டி.”

வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளுக்கு அந்தப் பதில் சரியானது. நம் உடம்புச் சூட்டில் வாழப் பழகியவை அவை. முட்டை வெந்தால் வெள்ளைக்கரு இறுகுவதுபோல, கொதிநீரில் அவற்றின் புரதங்கள் உருக்குலைந்துவிடும். ஆனால் ‘எல்லாம்’ என்ற அந்த ஒரு சொல்லில் விஞ்ஞானிகளே பல காலம் ஏமாந்திருந்தார்கள்.

சென்ற வாரம் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கை அமெரிக்காவின் எல்லோஸ்டோனில், ஆக்டோபஸ் ஊற்றின் கரையில் விட்டுவிட்டு வந்தோம். 1965 கோடை. வழிந்தோடும் நீரின் சூடு 80 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதற்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ அலைகிறது. பாறையின் கறையா, உயிரா?

உயிர்தான்! ஆனால் அந்த இளஞ்சிவப்பு இழை ஆய்வகத்தில் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. ஜெர்மனியில் கார்ல் ஸ்டெட்டரின் குழு அதை வளர்த்துக் காட்டியது 1990களில்தான்.

பிராக் ஓயவில்லை. 1966இல் அதே பகுதியிலுள்ள மஷ்ரூம் ஊற்றிலிருந்து மாதிரி எடுத்தார். இண்டியானா பல்கலைக்கழகத்தில் அப்போது பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவர் அதை வளர்க்கும் வேலையில் இறங்கினார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூட்டை விரும்பும் பாக்டீரியாவைத் தேடியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. அவர்கள் வழக்கமாக இன்குபேட்டரின் முள்ளை 55 டிகிரியில் வைத்தார்கள். அந்தச் சூட்டுக்கு ஏற்றவை வளர்ந்தன. அதற்கும் மேலே வாழ்பவை அவர்கள் கண்ணில் படவே வழியில்லை. பிராக்கும் ஃப்ரீஸும் முள்ளை 70க்கும் மேலே திருப்பினார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: தீனியைக் குறைத்தார்கள். ஊற்று நீரில் சத்து மிகக் கொஞ்சம். அதைக் குடித்தே வாழ்ந்த உயிருக்கு ஆய்வகத்தின் கெட்டிக் கூழ் ஒத்துக்கொள்ளவில்லை. நீராகாரம்போலக் கரைத்துக் கொடுத்ததும் பெருகியது. குழாயில் தெளிந்திருந்த நீர் கலங்கியது. சுடுநீரில் ஓர் உயிர் குடும்பம் நடத்துகிறது என்பதற்கு அந்தக் கலங்கலே சாட்சி.

தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969இல் உலகுக்கு அறிவித்தார்கள். ‘ஒய்டி-1’ என்ற அந்த வளர்ப்பை, யார் கேட்டாலும் கிடைக்கும்படி அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கொடுத்தும் வைத்தார்கள்.

அதன் உறவுக்காரர் நம் நாட்டிலும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரணில், பார்வதி ஆற்றங்கரையில், ஊற்றுச் சூட்டிலேயே அரிசியையும் பருப்பையும் வேகவைத்துக் குருத்வாராவில் பந்தி போடுகிறார்கள். அந்த ஊரின் வெந்நீர் ஊற்றிலிருந்துதான் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு ஒரு புதிய தெர்மஸைப் பிரித்தெடுத்தது. 2015இல் ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்: தெர்மஸ் பார்வதியென்சிஸ். அரிசி வேகிற இடத்தில் வேகாத உயிர்!

மறுபடி அமெரிக்கா. 1976இல் சின்சினாட்டியில் ஆலிஸ் சியென் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பிராக்கின் பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார்கள். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி, 80 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்தது. கட்டுரை அச்சானது.

1983. கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ். ஒரு துளி டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வழி அவர் மனத்தில் உதித்துவிட்டது. அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் குழாயைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கி, டி.என்.ஏ.வின் இரட்டை இழையைப் பிரிக்க வேண்டும். சூடேற்றியதும், நகலெடுக்க அவர் பயன்படுத்திய சாதாரண நொதி செத்துவிடுகிறது. மூடியைத் திற, புது நொதி விடு, மூடு. அடுத்த சுற்றுக்கு மறுபடி திற.

2020இல் எங்கள் மலையில் கொரோனாவுக்காக மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்ததும் இந்த முறையில்தான். மூடியை யாரும் திறந்து திறந்து மூடவில்லை.

சேமிப்பகத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஒய்டி-1இன் கதவை யார் தட்டியது?

(அடுத்த வாரம்)