விடுமுறை வேதாகமப் பள்ளி (மதுரை)

கோடை விடுமுறையில் திருச்சபைகள் சிறுவர்களுக்கு நடத்தும் விசுவாசப் பயிற்சி, பேச்சுவழக்கில் 'வி.பி.எஸ்.' 1898இல் நியூயார்க்கில் எலிசா ஹாவ்ஸ் என்பவர், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியதே இதன் முன்னோடி. மதுரையில், 1834இல் வந்த அமெரிக்கன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. ஆலயங்களிலும் பிற சபைகளிலும் வெயில் ஏறுமுன் பிள்ளைகள் கூடுகிறார்கள். சைகைப் பாட்டு, கைவேலை, மனப்பாட வசனம் எல்லாம் உண்டு, உயிர்நாடி கதைதான். வயலில் ஆட்டுக்கிடை பார்த்த மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதையை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை மேய்ப்பனாகத் தேட, இன்னொன்று தூணுக்குப் பின்னால் ஒளிந்து 'மே' என்று கத்த, கதையே விளையாட்டாகிவிடும். பாட்டைப் பொறுத்தவரை, அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இம்மண்ணின் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி அது. வசன ஒப்பிப்புக்குத் தரும் பரிசைவிட, கதை முடிந்ததும் பிள்ளைகள் வியந்து கேள்வி கேட்க நேரம் விடும் ஆசிரியரே இப்பள்ளிக்கு முக்கியம்.